ஆயிரும் என்று சொன்ன டீச்சர்

மலைமேல் இருக்கிற வளப்பூர் நாட்டில் யாரிடம் வேண்டுமானாலும் போய், கீழே போகிற பஸ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வந்துருமுங்க என்பார்கள். பஸ் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும், கேட்டவர் மூட்டையும் முடிச்சுமாக வெயிலில் நின்று கொண்டிருப்பார், இருந்தாலும் வந்துரும்தான். அதைப் பொய் என்று அங்கே ஒருவரும் நினைப்பதில்லை. நம்பிக் கேட்கிற மனுஷனின் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல அந்த மலையில் யாருக்கும் நாக்கு வராது.

கோகிலாவும் அந்த ஊர்க்காரிதான். போதாக்குறைக்கு அவளுக்குத் தனியாக ஒரு காரணமும் இருந்தது. பதினான்கு வயதில், அண்ணன் இளங்கோ போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நாமக்கல்லுக்குக் கிளம்பியபோது, "உனக்கு ஒசரம் பத்தாதுண்ணா" என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள். உள்ளதைத்தான் சொன்னாள். அங்கே அளந்து பார்த்து, ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "கெளம்பறப்பவே வாய் வெச்சுட்டாளே, இவளுக்குக் கருநாக்கு" என்றாள். பிள்ளையின் உயரத்தை விட்டுவிட்டுப் பெண்ணின் நாக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஊரில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் கோகிலா எதிரில் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டால், "நல்லதா ஒரு வார்த்தை சொல்லு கண்ணு" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார்கள். அவளும் சொன்னாள். பத்தாவதில் மூன்று முறை தவறியவனுக்கும் ஆயிரும் என்றாள், பூச்சி அடித்த மிளகுக்கொடிக்கும் தேறிரும் என்றாள். பழகப் பழக அது அவள் குணமாகவே ஆகிவிட்டது.

நாமக்கல்லில் தங்கிப் படித்து எம்.ஏ. இங்கிலீஷ் முடித்தாள். இரண்டு வருஷம் வேலை தேடினாள். கடைசியில் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆப் வழியாக இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வகுப்பு இருபத்தைந்து நிமிஷம். வீட்டில் சிக்னல் கிடையாது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அத்தாயி அக்காளின் டீக்கடை மாடியில் ஒரு அறை பிடித்து, சுவரில் நீலத்துணி மாட்டி, அதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். கீழே பலாப்பழம் ஏற்றுகிற சத்தம் கேட்டால் மைக்கை அணைத்துவிடுவாள்.

வெளிநாட்டில் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் படுகிற பாட்டை அவள் மலையை விட்டு இறங்காமலே பட்டாள். சவுதிக்காரப் பையன் ஒருவன் வகுப்பு முழுக்கப் பூனைக்குட்டியைக் காட்டிக்கொண்டிருப்பான். கொரியாக்காரர் ஒருவர் கேமராவை அணைத்துவிட்டுச் சாப்பிடுவார். மெல்லுகிற சத்தம் மட்டும் வரும். கம்பெனி கொடுத்த பாடமோ விமான நிலையம், ஓட்டல் அறை, வெள்ளைக்காரச் சாப்பாடு என்று போகும். கோகிலா விமானத்தில் ஏறியதில்லை, பாடத்தில் இருந்த சாப்பாட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி. இதில் ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் மாணவர்கள் டீச்சருக்கு நட்சத்திரம் போடுவார்கள். ஆறு மாதம் அது குறையாமல் இருந்தால்தான் வேலை நிரந்தரம், மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம். குறைந்தால் ஒரு நாள் காலையில் ஆப் திறக்காது, அவ்வளவுதான்.

அந்த ஆறு மாதத்தில், முதல் மாதம் முடிகிறபோதுதான் லான் வந்தாள்.

லான் வியட்நாம்காரி. முப்பத்தைந்து வயது, செருப்புத் தைக்கிற ஃபேக்டரியில் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பத்து வயது மகள் ஊரில் லானின் அம்மாவிடம் இருந்தாள். சுற்றுலாக் கப்பலில் அறை சுத்தம் செய்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், இங்கிலீஷில் இன்டர்வியூ, அதற்காக இங்கிலீஷ் வேண்டும் என்று சேர்ந்தாள். ஷிஃப்ட் முடிந்து விடுதிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபடி தினமும் தவறாமல் வகுப்புக்கு வருவாள். அங்கே ஏழு மணி, இங்கே ஐந்தரை. விரல் நுனியெல்லாம் பசை ஒட்டியிருக்கும்.

அவளைப் போல மரியாதை தெரிந்த மாணவி கோகிலாவுக்கு வாய்த்ததில்லை. அவளைப் போல ஒன்றும் ஏறாத மாணவியும் வாய்த்ததில்லை. எது சொன்னாலும் "யெஸ் டீச்சர்." புரிந்ததா என்றால் யெஸ் டீச்சர். எங்கே, சொல்லுங்கள் என்றாலும் யெஸ் டீச்சர் என்றுவிட்டுச் சிரிப்பாள். திரும்பச் சொல்லச் சொன்னால் மட்டும் அழகாகத் திரும்பச் சொல்லுவாள். கோகிலா படித்த பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தார்கள். டீச்சர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் மூன்று முறை கத்த வேண்டும். கோகிலாவுக்கு வேறு வழி தெரியாது. அவள் ஒரு வரி சொல்வாள், லான் மூன்று முறை சொல்வாள். இருபத்தைந்து நிமிஷம் ஓடிவிடும். ஐந்து நட்சத்திரம் விழும்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் கோகிலா இன்டர்வியூ நடத்திப் பார்த்தாள். விருந்தாளி ஒருவர் துண்டு அழுக்காக இருக்கிறது என்று கோபப்படுகிறார், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். லான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யெஸ். தேங்க் யூ. மை நேம் இஸ் லான்" என்றாள்.

கோகிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெரி குட் என்றாள். வகுப்பு முடிந்ததும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டிக்கொள்ளவில்லை. கம்பெனி டீச்சர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பதிலை அப்படியே எழுதிப் போட்டாள். இருபது முப்பது பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற முகங்களை அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது. அவள் செய்த காரியங்களில் இதை ஒரு சின்னக் காரியமாகத்தான் அப்போது நினைத்தாள்.

சேர்ந்த ஐந்தாவது மாதக் கடைசியில் லான் வகுப்புக்கு ஒரு காகிதத்தோடு வந்தாள். கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய இங்கிலீஷைத் தமிழில் ஒழுங்குபடுத்திச் சொன்னால் விஷயம் இதுதான். இன்டர்வியூ அடுத்த திங்கட்கிழமை. தூரத்து ஊருக்குப் போக வேண்டும். ஃபேக்டரியில் இப்போது லீவு இல்லை என்கிறார்கள். போவதென்றால் வேலையை விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். விட்டால் திரும்பச் சேர முடியாது, முப்பத்தைந்து ஆனவர்களை அவர்கள் புதிதாக எடுப்பதில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு லான் கேமராவைப் பார்த்தாள்.

"டீச்சர், உண்மையைச் சொல்லுங்கள். நான் பாஸ் ஆவேனா? இல்லையென்றால் நான் போகவில்லை."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிக் கேட்க முடியும்? அவள் வாழ்க்கையை எடுத்து டீச்சர் கையில் வைத்தாள். ஒரு வார்த்தை போதும். இப்போது வேண்டாம், இன்னும் ஆறு மாதம் படிக்கலாம் என்று சொல்லியிருந்தால் அவள் மறுநாள் காலையில் ஃபேக்டரிக்குப் போயிருப்பாள்.

கோகிலா வாயைத் திறந்தாள். கிளம்புகிறவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாகப் பழைய பாதையில் போனது. நிச்சயமாகப் பாஸ் ஆவீர்கள், தைரியமாகப் போங்கள், நீங்கள் என்னுடைய நல்ல மாணவி என்று மளமளவென்று சொன்னாள். லானின் கண் நிறைந்துவிட்டது. அன்று ஐந்து நட்சத்திரத்தோடு நான்கு வரியும் எழுதினாள். தனக்கு நம்பிக்கை கொடுத்த டீச்சர், தான் பாஸ் ஆவேன் என்று சொன்ன டீச்சர், உலகத்திலேயே நல்ல டீச்சர்.

மனசு கனத்ததா என்றால், கனத்தது. படியிறங்கி வந்து, அத்தாயி அக்காளிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தாள். கிளம்புகிறவளுக்கு அபசகுனமாகப் பேசக் கூடாது, அதனால்தான் சொன்னோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். டீ முடிவதற்குள் அதை நம்பியும் விட்டாள்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து அனுராதா மேடம் கூப்பிட்டார். கோகிலாவின் வேலை நிரந்தரம் என்றார். வியட்நாம் மாணவி எழுதியதை எல்லா டீச்சர்களுக்கும் படித்துக் காட்டியதாகவும், மாணவர்களுக்கு எப்படி ஊக்கம் கொடுக்க வேண்டும் என்று அவள் ஒரு வீடியோ பேசி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். அப்பா சின்னக்கண்ணு பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எம்புள்ளைக்குக் கருநாக்குன்னீங்களே, இப்ப அந்த நாக்குத்தான் கடல் தாண்டிச் சோறு போடுது பாருங்க என்று பெருமையடித்தார். கோகிலா மாடியில் நீலத்துணிக்கு முன்னால் உட்கார்ந்து, ஊக்கம் கொடுப்பது பற்றி ஆறு நிமிஷம் பேசி அனுப்பினாள்.

லான் மட்டும் வரவில்லை. திங்கட்கிழமை போய், அடுத்த வாரமும் போனது. ஐந்தரை மணி வந்தால் அவளுடைய பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். கப்பலில் ஏறிவிட்டாளோ என்று நினைக்கக் கோகிலாவுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் மூன்று மாதம் முன்பே தெரிந்ததை இப்போது தெரியாததாக ஆக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. என்ன கண்ணு இளைச்சுப் போயிட்ட என்று அம்மா கேட்டதற்கு, வேலை ஜாஸ்திம்மா என்றாள்.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு லானின் பெயர் வந்தது.

விடுதிச் சுவர் இல்லை. தகரக் கூரை வீடு, பின்னால் வாத்துகள் கத்துகிற சத்தம். ஊரில் தன் அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று கேட்காமலே தெரிந்தது. விரலில் பசை இல்லை. லான் உட்காரவில்லை, எழுந்து நின்று, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு தலை குனிந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணையும் இழுத்து நிறுத்தி, அவளையும் அப்படியே கைகட்ட வைத்தாள். பிறகு மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"டீச்சர், நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் நன்றாகப் படிக்கவில்லை. நான் தோற்றுவிட்டேன். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

அந்தப் பெண் குழந்தையும் குனிந்தது. எதற்கென்று அதற்குத் தெரிந்திருக்காது. தன் அம்மாவுக்கு டீச்சர் என்றால் தனக்கும் டீச்சர்தான் என்று குனிந்தது.

இப்போதாவது கோகிலா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்றாள். அதாவது, மன்னித்துவிட்டாள். செய்ததையும் செய்துவிட்டு, மன்னிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே போன பிறகுதான் அவளுக்குக் காது சுட்டது, கழுத்து சுட்டது. நீலத்துணிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

மகளை அனுப்பிவிட்டு லான் உட்கார்ந்தாள். நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள். ஒரு பெரிய மேஜை, ஒரு வெள்ளைக்காரர், ரொம்ப நல்ல மனிதர். ஏதோ கேட்டார். யெஸ், தேங்க் யூ என்றாள். இன்னொன்று கேட்டார். தன் பெயரைச் சொன்னாள். மூன்று நிமிஷம். அவர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்த சிரிப்பு முகங்கள் ஒவ்வொன்றாகக் கோகிலாவின் கண் முன்னால் வந்தன. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. உங்கள் மேல் தப்பில்லை, எனக்கு முதலிலேயே தெரியும், உங்களால் முடியாது என்று தெரிந்தே நான்தான் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன், என்னால்தான் உங்கள் வேலை போய்விட்டது என்று மூச்சு விடாமல் கொட்டினாள். எம்.ஏ. வரைக்கும் படித்த இங்கிலீஷ் முழுவதும் அதில் வந்தது.

லான் கவனமாகக் கேட்டாள். தலையாட்டினாள். சிரித்தாள்.

"யெஸ் டீச்சர்."

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை அவளுக்கு. எப்படிப் புரியும்? ஐந்து மாதம் தினமும் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவள் யார்?

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குத் தெரியும். நீங்கள் தயாராகவில்லை. நான் பொய் சொன்னேன்.

டீச்சர் இப்படி ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று லானுக்குத் தெரியும். உடனே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும். நீங்கள் தயாராகவில்லை. நான் பொய் சொன்னேன்" என்று திரும்பச் சொன்னாள். இரண்டாம் முறை சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபோது ஒரு எழுத்துகூட விழுங்காமல் அத்தனை சுத்தமாக வந்தது. "டீச்சர், சரியாகச் சொன்னேனா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

அங்கேயே விட்டிருக்கலாம். வெரி குட் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, புரியாதது அவள் பாடு என்று மனசைத் தேற்றிக்கொண்டும் இருக்கலாம். அப்படித் தேற்றிக்கொள்வதில் கோகிலாவுக்கு நல்ல பழக்கம் உண்டு. வெரி குட் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். போனை எடுத்து, சொன்னதையெல்லாம் வியட்நாம் மொழிக்கு மாற்றி, திரையின் ஓரத்தில் செய்தி எழுதுகிற கட்டத்தில் எழுதினாள். அனுப்பு என்பதை அமுக்க விரல் வரவில்லை. கீழே பஸ் வந்து நின்று, ஆட்கள் ஏறி, புறப்பட்டுப் போகிற வரை அப்படியே இருந்தாள். பிறகு அமுக்கினாள்.

லான் குனிந்து படித்தாள். உதடு அசைந்தது. படித்து முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கோகிலாவுக்குக் கிடைத்த தண்டனை.

"ஏன் டீச்சர்?" என்றாள் லான்.

உங்கள் மனசு நோகக் கூடாது என்றுதான், எங்கள் ஊரில் கிளம்புகிறவர்களிடம் அப்படிச் சொல்ல மாட்டோம் என்று கோகிலா எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பொய்யில்லை. ஆனால் அதில் அவள் நல்லவளாக இருந்தாள். அழித்தாள். உங்களை வருத்தப்படுத்தினால் நட்சத்திரம் குறைந்துவிடும், எனக்கு வேலை நிரந்தரமாகாது, எனக்கு வேலை வேண்டியிருந்தது என்று எழுதினாள். அனுப்பினாள்.

வாத்துகள் கத்தின. லான் அதையும் இரண்டு முறை படித்தாள். கத்துவாள், திட்டுவாள் என்று கோகிலா காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. லான் போனை எடுக்கவில்லை, காகிதத்தையும் தேடவில்லை. கேமராவைப் பார்த்துத் தன் சொந்த இங்கிலீஷில், தட்டுத் தடுமாறாமல், மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், எனக்கும் வேலை வேண்டியிருந்தது."

வகுப்பு முடிய இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி அந்த நாலு நிமிஷமும் உட்கார்ந்திருந்தார்கள்.